இரண்டும் இடது கை

"ஆறு நிமிஷம், மேடம். அதுக்கு மேல ஒருத்தரும் உக்காந்து பாக்க மாட்டாங்க."

"ஒரு காலர் வெட்டவே எனக்கு அரை மணி ஆகுமே, சார்."

"அப்போ துண்டு துண்டா நறுக்கிடுங்க."

"காலரையா?"

"பாடத்தை, மேடம்."

இப்படிச் சொன்னவர் கல்லூரிக்குப் புதிதாக வந்திருந்த பயிற்சியாளர். ஆன்லைன் பாடத்தை எப்படி அமைப்பது, எப்படி நடத்துவது என்று ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவர். எதைக் கேட்டாலும் ஆறு நிமிஷத்தில் ஆரம்பித்து ஆறு நிமிஷத்தில் முடிப்பதால், ஆசிரியர் அறையில் அவருக்கு 'ஆறு நிமிஷம்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

கேட்டவர் தையல் பிரிவின் கத்தரி மேடம். துணி வெட்டச் சொல்லிக்கொடுப்பவர் என்பதற்காக மட்டும் வந்த பெயர் இல்லை அது. அவர் கைப்பையில் உறை போட்டு ஒரு கத்தரி எப்போதும் இருக்கும். அதை யாருக்கும் கொடுக்க மாட்டார். ஒருமுறை பார்சல் கயிற்றை வெட்ட அதை எடுத்துவிட்ட கணவர், அன்று முழுவதும் வீட்டில் விருந்தாளி போல ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

கத்தரி மேடம் இந்தப் பயிற்சிக்கு ஆசைப்பட்டு வரவில்லை. பிரின்சிபால் அம்மா கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"சாயங்கால வகுப்புக்கு ஆளே வர்றதில்லை, மேடம். இனிமே உங்க பாடம் ஆன்லைன்லதான். நீங்களே தயார் பண்ணி நடத்தினா அது உங்களோடது. முதல் பகுதி முடிஞ்சதும் நேரலை வகுப்பு ஒண்ணு வைங்க, நான் வந்து உக்காருவேன். சரியா வரலைன்னா வெளியில ரெடிமேடா ஒரு கோர்ஸ் விக்கறாங்க. அதை வாங்கிப் போட்டுடுவேன்."

"அதை வாங்கிட்டா நான் என்ன பண்றது?"

"தேர்வுப் பிரிவுல ஆள் குறைச்சலா இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க."

தேர்வுப் பிரிவு என்பது கட்டடத்தின் அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. விடைத்தாளில் துளை போட்டு நூல் கோத்து முடிச்சுப் போடுவார்கள். ஒரு நாள் முழுக்க, ஒரு வருஷம் முழுக்க அதுவேதான். சட்டையும் பாவாடையும் வெட்டக் கற்றுக்கொடுத்த கைக்கு நூல் கோக்கிற வேலையா? அதனால்தான் கத்தரி மேடம் பயிற்சி அறையில் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார்.

ஆறு நிமிஷம் கெட்டிக்காரர்தான், அதில் சந்தேகமில்லை. மேடம் எழுதிக்கொண்டு வந்த பாடத்திட்டத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"'மாணவர்கள் சட்டைக் கையைப் பற்றிப் புரிந்துகொள்வார்கள்'னு எழுதியிருக்கீங்க. புரிஞ்சுதா இல்லையான்னு எப்படி அளப்பீங்க?"

"மூஞ்சியைப் பாத்தா தெரியும்."

"மூஞ்சி தெரியாதே, மேடம். அவங்க வீட்டுல இருப்பாங்க."

"அப்போ கேட்டுப் பாப்பேன்."

"கேட்டா எல்லாரும் புரிஞ்சுதுன்னுதான் சொல்லுவாங்க. கண்ணால பாக்கற மாதிரி எழுதுங்க. வெட்டுவாங்க, தைப்பாங்க, போட்டுக்குவாங்க, அந்த மாதிரி. அளக்க முடியாததை எழுதாதீங்க."

அளக்க முடியாததை எழுதாதே என்று ஒரு மனுஷர் சொல்கிறாரே என்று கத்தரி மேடத்துக்கு அவர்மேல் திடீரென்று ஒரு மரியாதை வந்தது. பழைய வரியை அடித்துவிட்டு எழுதினார்: 'இந்தப் பகுதி முடியும்போது மாணவர் ஓர் அரைக்கைச் சட்டைக்கு இரண்டு கை வெட்டிப் பொருத்தியிருப்பார்.'

"பிரமாதம்" என்றார் ஆறு நிமிஷம். "இன்னொண்ணு. வீடியோவுல நடுவுல சும்மா நிக்காதீங்க. நீங்க மூச்சு விடற நேரத்துல பாக்கறவங்க வேற எங்கயாவது போயிடுவாங்க."

இந்த ஒன்றுதான் மேடத்துக்கு உதைத்தது. ஏனென்றால் அவருடைய வகுப்பின் உயிரே சும்மா நிற்பதில்தான் இருந்தது.

சட்டைக் கை என்பது பார்க்கத்தான் சாதாரணம். தோளில் பொருந்துகிற வளைவு முன்பக்கம் கொஞ்சம் ஆழமாகவும் பின்பக்கம் கொஞ்சம் தாராளமாகவும் இருக்கும். ஆகவே இடது கை வேறு, வலது கை வேறு. துணியை இரட்டையாக மடித்து வெட்டினால் இரண்டும் ஒரே வெட்டில் சரியாக வந்துவிடும். ஆனால் துணி எப்போதும் மடிக்கிற அளவுக்குத் தாராளமாகக் கிடைப்பதில்லை. ஒற்றைத் துணியில் வெட்டும்போது அளவுத் தாளை, அதாவது கை வடிவில் நறுக்கிய காகிதத்தை, ஒரு கைக்கு இப்படி வைத்தால், அடுத்த கைக்குக் கவிழ்த்து வைக்க வேண்டும். கவிழ்க்க மறந்தால் இரண்டும் ஒரே கையாகிவிடும்.

கத்தரி மேடம் வகுப்பில் இதை வாயால் சொல்லவே மாட்டார். வேண்டுமென்றே தாளைக் கவிழ்க்காமல் வைப்பார். கோடு போடுவார். வெட்டியும் விடுவார். பிறகு கத்தரியை மேஜைமேல் வைத்துவிட்டுச் சும்மா நிற்பார். ஜன்னலைப் பார்ப்பார். மாணவர்கள் நெளிவார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். கடைசியில் யாராவது ஒருத்தி தயங்கித் தயங்கிச் சொல்லுவாள்.

"மேடம், ரெண்டும் இடது கை மாதிரி இருக்கு."

"அப்படியா?" என்பார் மேடம், ஒன்றும் தெரியாதவர் போல. "எங்கே, வந்து காட்டு."

அப்புறம் அந்த வகுப்பில் ஒருத்தருக்கும் அது ஜன்மத்துக்கும் மறக்காது.

அதை எப்படி விட முடியும்? விடவில்லை.

வீட்டுச் சாப்பாட்டு மேஜைதான் படப்பிடிப்புத் தளம். கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். அவர் வேலைக்குக் கொண்டுபோகும் விளக்கு தலைக்கு மேலே தொங்கியது. போனைப் பிடித்தவரும் அவர்தான். எடுத்ததைச் சுருக்கி, ஒட்டி, பாட்டுப் போட்டுக் கொடுப்பதற்கு ஆள் வெளியே தேட வேண்டியிருக்கவில்லை. அவருடைய தங்கை, அதாவது மேடத்தின் நாத்தனார், மேல்மாடியிலேயே குடியிருந்தாள். கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுவது அவள் தொழில்.

"அண்ணி, நீங்க பாட்டுக்கு எடுத்துக் குடுங்க. மூணு நாள் கல்யாணத்தையே முக்கால் மணியில அடக்கறவ நான். உங்க சட்டை எனக்கு எம்மாத்திரம்?"

"ஆறு நிமிஷத்துக்கு மேல போகக் கூடாதாம்மா. நடுவுல சும்மா நிக்கறதும் இருக்கக் கூடாதாம்."

"சும்மா நிக்கறதைத் தூக்கறதுதானே என் பொழப்பே."

படம் பிடித்த அன்று மேடம் வழக்கம்போலவே செய்தார். ஒரு கையை வெட்டினார். தாளைக் கவிழ்க்காமலே அடுத்ததையும் வெட்டினார். கத்தரியை வைத்தார். போனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கணவர் கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு கிசுகிசுத்தார்.

"என்னாச்சு? மறந்துட்டியா?"

மேடம் உதட்டில் விரலை வைத்தார். இன்னும் கொஞ்சம் நின்றார். அப்புறம் போனைப் பார்த்துக் கேட்டார்: "கண்டுபிடிச்சீங்களா? ரெண்டும் இடது கை. தாளைக் கவுத்து வெச்சிருக்கணும்." சொல்லிவிட்டு, புதுத் துணி எடுத்துச் சரியாக வெட்டிக் காட்டினார். வெட்டி முடிக்கும் நேரம் கணவருக்கு இருமல் வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, அது மூக்கு வழியாக வந்தது.

"பரவாயில்லை, அதை உங்க தங்கச்சி பாத்துக்குவா" என்றார் மேடம்.

தங்கச்சி பார்த்துக்கொண்டாள். முடித்து வீடியோவை அனுப்பியதும் போனில் கேட்டாள்.

"அண்ணி, ஒரு தடவை பாத்துட்டுப் போடுங்களேன்."

"என் மூஞ்சியை நானே பாக்கறதா? கண்ணாடியிலயே எனக்குப் பொட்டு வைக்கற நேரம்தான் பொறுமை. நீ பாத்தா சரி."

அதோடு வீடியோ வலையேறியது. பின்னாலேயே பக்கம் தைப்பது, தோள் இணைப்பது, கை பொருத்துவது என்று மற்றத் துண்டுகளும் ஏறின. மாணவர்கள் சேர்ந்தார்கள்: ஒரு பஸ் டிரைவர், ஒரு நர்ஸ், வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், இன்னும் பலர். எல்லாரும் பார்த்தார்கள், தைத்தார்கள். கேள்வி என்று ஒருத்தரும் எழுதவில்லை. எவ்வளவு தெளிவாக நடத்தியிருக்கிறோம் என்று மேடத்துக்கு உள்ளூரப் பெருமை.

நேரலை வகுப்புக்கு முந்தின நாள் மத்தியானம், கல்லூரி நடையில் ஆறு நிமிஷம் எதிரே வந்தார். பூப்போட்ட புதுச் சட்டை. கையில் ஒரு கட்டுக் காகிதம். அதை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொள்ள முடியாமல், வலது முழங்கையை இறக்கை போலப் பின்னால் மடக்கி வைத்துக்கொண்டு நடந்தார்.

"என்ன சார், தோள்ல சுளுக்கா?"

"இல்லையே, மேடம். நல்லாத்தான் இருக்கேன்."

"கை ஒரு மாதிரியா நிக்குதே."

"ஓ, இதுவா?" அவர் முகம் மலர்ந்தது. "நம்ம கோர்ஸ் சட்டைதான், மேடம். ஒவ்வொரு கோர்ஸையும் நானே மாணவன் மாதிரி செஞ்சு பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். பக்கத்து வீட்டுல மெஷின் கேட்டுத் தெச்சேன். வாழ்க்கையில முதல் சட்டை. கொஞ்சம் இழுக்குது. வீட்டுல தெச்சா அப்படித்தான் இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்."

கத்தரி மேடம் அவரைச் சுற்றி வந்தார். வலது தோளில் முன்பக்கம் துணி பொம்மென்று புடைத்திருந்தது. பின்பக்கம் விறைப்பாக இழுத்துக்கொண்டிருந்தது. மேடம் அந்தத் தையலைத் தொட்டுப் பார்த்தார்.

"சார், இதை நீங்க எதைப் பாத்து வெட்டினீங்க?"

"உங்க வீடியோவைப் பாத்துதான். நிறுத்தி நிறுத்தி, அப்படியே."

"நான் நடுவுல உங்களை ஒண்ணும் கேக்கலையா?"

"என்ன கேட்டீங்க? ஒண்ணும் கேக்கலையே. சடசடன்னு போச்சு. அதனாலதான் பிரமாதம்னு எழுதிக் குடுத்தேன்."

"சார், இதுல ரெண்டும் இடது கை."

ஆறு நிமிஷம் தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். சொந்தக் கைகளைத்தான் முதலில் பார்த்தார். அப்புறம்தான் சட்டைக் கைகளை.

"ரெண்டு கை வெட்டிப் பொருத்தியிருப்பார்னு எழுதினீங்க" என்றார் மெதுவாக. "நான் எண்ணிப் பாத்தேன். ரெண்டு இருந்துது. டிக் போட்டுட்டேன்."

"எத்தனை பேர் தெச்சு அனுப்பியிருக்காங்க?"

"எல்லாரும், மேடம்."

இரண்டு பேரும் நடையில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மேடம் தன் வகுப்பு வழக்கத்தைச் சொன்னார். சும்மா நிற்பது, காத்திருப்பது எல்லாம். கேட்டுவிட்டு அவர் தலையில் கை வைத்தார். வலது கையால் முடியவில்லை, இடது கையால் வைத்தார்.

"மேடம், வீடியோவை நடுவுல நிறுத்தி வெக்க வழி இருக்கு. கேள்வி வரும். பதில் சொன்னாத்தான் மேல ஓடும்."

"அப்படி ஒண்ணு இருக்கா? ஏன் சார் சொல்லலை?"

"சொன்னேனே. அன்னிக்கு நீங்க என் சட்டை காலரையே பாத்துக்கிட்டிருந்தீங்க."

"அது கோணலா இருந்துது."

"இருந்திருக்கும்."

வீட்டுக்கு வந்த மேடம் செருப்பைக் கழற்றாமலே மாடி ஏறினார். நாத்தனார் கம்ப்யூட்டருக்கு முன்னால் யாருடைய கல்யாணத்தையோ வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நான் சரியா வெட்டிக் காட்டினேனே, அதை எங்க தூக்கிப் போட்டே?"

"எதை, அண்ணி?"

"ரெண்டாவது தடவை வெட்டினதை."

"அது ரீடேக் ஆச்சே. மறந்து போய் நின்னீங்க, அண்ணன் கேட்டாரு, அப்புறம் மறுபடியும் வெட்டினீங்க. ரெண்டுல எது நல்லா இருக்கோ அதைத்தானே வெப்பாங்க? ரெண்டாவதுல அண்ணன் யானை மாதிரி தும்மறாரு."

"அது இருமல்" என்றார் பின்னாலேயே ஏறி வந்த கணவர்.

"நான் கேள்வி கேட்டேனே? கண்டுபிடிச்சீங்களான்னு?"

"அண்ணனைத்தானே கேட்டீங்க?"

"அவரை எதுக்கு நான் கேக்கறேன்?"

"அது எனக்கு எப்படி அண்ணி தெரியும்? அவருதான் அப்போ பேசினாரு. புருஷன் பெண்டாட்டிப் பேச்சு நடுவுல வந்தா கண்ணை மூடிக்கிட்டு வெட்டிடுவேன். கல்யாண வீட்டுல அதை விட்டு வெச்சா என்னை அடிக்க வருவாங்க."

மேடத்துக்குக் கோபமாக வந்தது. வந்த கோபம் எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் சுற்றியது. சும்மா நிற்பதைத் தூக்கச் சொன்னது யார்? ஒரு தடவை பாருங்கள் என்றபோது மாட்டேன் என்றது யார்? கட்டிலில் உட்கார்ந்தார்.

நாத்தனார் நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள்.

"அண்ணி, பயப்படாதீங்க. இப்பவே வீடியோவை மாத்திடலாம். நாளைக்கு யாராவது கேட்டா, நான் சரியாத்தான் சொன்னேன், நீங்கதான் சரியா கவனிக்கலைன்னு போட்டுடுங்க. ஊரு ஒலகத்துல வாத்தியாருங்க சொல்றதுதானே?"

"அந்தப் பயிற்சியாளர் என்ன சொல்றாரு?" என்றார் கணவர்.

"இது முதல் மாதிரி, திருத்தின மாதிரி அடுத்த வாரம் வரும்னு ஒரு அறிவிப்பு போட்டுடலாங்கறாரு. அவரும் கையெழுத்துப் போட்டுட்டாரில்ல."

"அதுவும் நல்லாத்தான் இருக்கு."

"நல்லாத்தான் இருக்கு" என்றார் மேடம். "ஆனா அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டுத்தான் நாளைக்கு எல்லாரும் வந்து உக்காருவாங்க. கை இழுக்கும். ஏன் இழுக்குதுன்னு தெரியாம, நமக்குத் தைக்க வராதுன்னு நினைச்சுக்குவாங்க."

கணவர் மறுநாளைக்கு லீவு சொல்லப் போனை எடுத்தார்.

மறுநாள் சாப்பாட்டு மேஜையில் விளக்கு தொங்கியது. நாத்தனார் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டாள். கணவர் வேலைக்குப் போகவில்லை. சமையலறையில், இருமல் வந்தால் தப்பித்து ஓட வசதியாக, பின்வாசலுக்குப் பக்கத்தில் நின்றார். திரையில் ஒவ்வொரு கட்டமாக முகங்கள் திறந்தன. பலவிதத் துணி, பலவித நிறம், எல்லாத் தோளும் ஒரே மாதிரி கோணல். மூலையில் ஒரு கட்டத்தில் பிரின்சிபால். அவருக்குப் பக்கத்துக் கட்டத்தில் பூச்சட்டையோடு ஆறு நிமிஷம். பிரின்சிபால் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

 ஜன்னல் இல்லாத அந்த அறை மேடத்தின் கண்ணுக்கு முன்னால் வந்தது. தண்ணீர் குடித்தார்.

"எல்லாரும் சட்டை போட்டுக்கிட்டு வந்திருக்கீங்க, ரொம்ப சந்தோஷம். இப்போ ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க. நல்லா நீட்டுங்க."

நீட்டினார்கள். எல்லாக் கட்டத்திலும் இடது கை சுகமாக முன்னால் வந்தது. வலது கை பாதியில் நின்றது. எங்கோ ஒரு தையல் தெறித்த சத்தம் கேட்டது.

மேடம் அதற்குமேல் பேசவில்லை. கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு நின்றார்.

ஆறு நிமிஷத்திடமிருந்து செய்தி வந்தது: 'மேடம், சத்தம் வரலை. நெட் போயிடுச்சா?' பிரின்சிபால் தன் ஹெட்போனைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். நாத்தனார் மேஜைக்கு அடியில் மேடத்தின் காலை மெதுவாக மிதித்தாள். மேடம் அசையவில்லை. வகுப்பில் ஜன்னலைப் பார்க்கலாம். இங்கே எங்கே பார்ப்பது என்று தெரியாமல் எல்லா முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

கடைசியில் பஸ் டிரைவர் தொண்டையைச் செருமினார்.

"மேடம், ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு நான் பஸ்ஸை இடது பக்கம் மட்டும்தான் திருப்ப முடியும்."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு இரண்டு மூன்று கட்டங்களுக்குப் பரவியது.

"ஏன் அப்படி இழுக்குது?" என்றார் மேடம்.

"என் தையல் அப்படி. வேற என்ன?"

"உங்க தையல் நல்லாத்தான் இருக்கு. வேற யாராவது?"

நர்ஸ் கையைத் தூக்கினார். இடது கையைத்தான்.

"மேடம், ரெண்டும் ஒரே கை மாதிரி இருக்கு. எனக்கு வெட்டும்போதே தெரிஞ்சுது. நான் முதல்ல தாளைக் கவுத்து வெச்சுச் சரியாத்தான் வெட்டினேன்."

"அப்புறம்?"

"அப்புறம் வீடியோவைப் பாத்தேன். நீங்க கவுக்கலை. சரி, நமக்குத்தான் தெரியலைன்னு அந்தக் கையைத் தூக்கிப் போட்டுட்டு, வேற துணி வாங்கி மறுபடியும் தப்பா வெட்டினேன்."

"ஏம்மா, எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"யார்கிட்ட மேடம் சொல்றது? நீங்க பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கீங்க."

ஓய்வு பெற்ற மேனேஜர் குறுக்கிட்டார். "அதெல்லாம் இல்லை. மேடம் செஞ்சா அதுல ஒரு காரணம் இருக்கும். இது ஒரு புது ஸ்டைல்னு நான் என் வீட்டுக்காரிகிட்டச் சொல்லியிருக்கேன்."

"அவங்க நம்பினாங்களா, சார்?" என்றார் டிரைவர்.

"இல்லை."

மேடம் விளக்குக்கு நேராக முகத்தை நிமிர்த்தினார்.

"காரணம் இருந்துது, சார். தப்பா வெட்டினது வேணும்னேதான். வெட்டிட்டு நின்னு, கண்டுபிடிச்சீங்களான்னு கேட்டேன். அப்புறம் சரியா வெட்டிக் காட்டினேன். அந்தப் பாதி வீடியோவுல வரலை. வெளியிடறதுக்கு முன்னால நான் அதைப் பாத்திருக்கணும். பாக்கலை. உங்க எல்லாருடைய வலது கையும் அதனாலதான் இழுக்குது. தைக்க வராததனால இல்லை."

நாத்தனார் மேஜைக்கு அடியில் மிதித்த காலை எடுத்துக்கொண்டாள்.

"பாக்கவே இல்லையா?" என்றார் பிரின்சிபால். அன்று அவர் பேசிய முதல் பேச்சு.

"இல்லை, மேடம்."

"ஏன்?"

"என் மூஞ்சியைப் பாக்க எனக்குச் சகிக்காது."

இந்தமுறை எல்லாக் கட்டங்களும் சிரித்தன. பிரின்சிபால் சிரித்தாரா என்று மேடத்துக்குத் தெரியவில்லை. அவர் குனிந்து எதையோ தேடினார்.

"அது சரி, மேடம்" என்றார் மேனேஜர், புது ஸ்டைல் கைவிட்டுப்போன வருத்தத்தோடு. "இப்போ இந்தச் சட்டையை என்ன பண்றது? துணி மிச்சம் ஒரு துண்டு கூட இல்லை."

விடை வாய் வரைக்கும் வந்துவிட்டது. மேடம் விழுங்கிக்கொண்டார்.

"நீங்களே சொல்லுங்க. வேற துணி கிடையாது. உங்ககிட்ட இருக்கற ரெண்டு கைதான். என்ன பண்ணலாம்?"

"கையே வேணாம்னு வெட்டி எறிஞ்சுடலாம்."

"வலது கையைப் பக்கவாட்டுல கொஞ்சம் பிரிச்சு விட்டா?"

"முன்பக்கத்தைப் பின்பக்கமா போட்டுக்கிட்டா?"

"அப்பவும் வலது கைதான் இழுக்கும், அறிவாளி. ரெண்டுமே ஒண்ணுதானே."

"யாருய்யா அறிவாளின்னு சொன்னது?"

பேச்சு இப்படியே போய்க்கொண்டிருக்க, பொறுமை இழந்த டிரைவர் சட்டையைக் கழற்றி, பனியனோடு உட்கார்ந்து, வலது கையைத் தையலோடு பிடுங்கி எடுத்துவிட்டார். பிடுங்கிய வேகத்தில் அது உள்பக்கம் வெளியாகத் திரும்பிக்கொண்டது. அதை அப்படியே தன் வலது கையில் மாட்டிக்கொண்டு, எதையோ சொல்லக் கையை ஆட்டினார். ஆட்டினவர் நின்றார். மறுபடியும் ஆட்டினார். முன்னால் நீட்டினார்.

"மேடம், இப்போ வளைவு சரியா உக்காருதே."

"என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலை. உள்பக்கம் வெளிய வந்துடுச்சு."

 நர்ஸ்தான் முதலில் சத்தம் போட்டார்.

"அது வலது கை ஆயிடுச்சு, சார். கவுத்துட்டீங்க. தாளைக் கவுக்கறதுக்குப் பதிலா துணியையே கவுத்துட்டீங்க."

"அப்போ தையலெல்லாம் வெளிய தெரியுமே?"

"கைத் தையலைப் பிரிச்சு, ஓரத்து மடிப்பையும் பிரிச்சு, திருப்பி வெச்சுத் தெச்சா தெரியாது."

அதற்கப்புறம் மேடத்தை ஒருத்தரும் கேட்கவில்லை. சிலர் சட்டையைக் கழற்றுகிறேன் என்று கேமராவை அணைத்தார்கள், சிலர் அணைக்காமலே கழற்றினார்கள். பிரிக்கிற சத்தம் எல்லா வீட்டிலிருந்தும் வந்தது. வெள்ளைத் துணிக்காரர்களும் ஒரே நிறத் துணிக்காரர்களும் தப்பித்தார்கள். அவர்கள் துணிக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். பூப்போட்டவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

ஆறு நிமிஷம் தன் சட்டைக் கையை மடித்து உள்பக்கத்தைப் பார்த்தார்.

"மேடம், எனக்கு உள்பக்கம் பூ மங்கலா இருக்கே."

"ஆமாம், சார். ஒரு கை வெளுத்த மாதிரி இருக்கும்."

"பரவாயில்லை" என்றார் அவர், கொஞ்சம் யோசித்து. "போட்டுக்கறேன். அடுத்த தடவை ஒரு கோர்ஸுக்குக் கையெழுத்துப் போடும்போது இந்தக் கையாலதான் போடுவேன்."

வகுப்பு முடிகிற நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. யாரும் வெளியே போகவில்லை. திடீரென்று பிரின்சிபாலின் குரல் கேட்டது.

"மேடம், அந்த ரெடிமேட் கோர்ஸ் வேணாம்னு அவங்களுக்கு இன்னிக்கே சொல்லிடறேன். இது உங்ககிட்டயே இருக்கட்டும். ஒரே ஒரு நிபந்தனை. இனிமே ஒவ்வொரு வீடியோவையும் நீங்க உக்காந்து முழுசா பாக்கணும். உங்க மூஞ்சியோட சேத்து."

சமையலறையிலிருந்து ஓர் இருமல் வந்தது. நாத்தனார் மேடத்தின் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

மேடத்துக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. ஆனால் கீழ்வரிசைக் கட்டத்தில் மேனேஜர், மடிப்பைப் பிரிக்காமலே கையைத் திருப்பி வைத்து ஊசி குத்தப் போய்க்கொண்டிருந்தார்.

"மேடம், கேட்டுதா?" என்றார் பிரின்சிபால்.

"கேட்டுது, மேடம். ஒரு நிமிஷம் இருங்க. சார், மேனேஜர் சார், அந்த ஊசியைக் கீழ வைங்க. இப்போ என்ன பண்ணப் போறீங்கன்னு முதல்ல எனக்குச் சொல்லுங்க."